பிறிஜெற்றின் உணவுக்குழாய்

கொட்டாஞ்சேனை பிறிஜெற் தன் உணவுக்குழாயை முதன்முதலாகப் பார்த்தது 2007 மாசியில். அவளுக்கு நாற்பத்தொரு வயது. துறைமுகத்துக் கப்பல் கம்பனியொன்றில் தட்டச்சாளர். ஆறு வருஷங்களுக்கு முன் விரல்களின் தோல் கட்டை போல இறுகத் தொடங்கியது. ஸ்கிளெரோடேர்மா என்றார்கள். பிறகு வருத்தம் உள்ளேயும் இறங்கியது. எதைச் சாப்பிட்டாலும் புளித்த நீர் தொண்டைவரை ஏறியது, நெஞ்சு எரிந்தது. அந்த நீர் சுவாசப்பைக்குள் போய் இரண்டு தடவை நியூமோனியா வந்தது. மாத்திரை எதற்கும் கேட்கவில்லை.

எக்ஸ்ரே மேசையில் படுக்கவைத்து, பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். திரையில் அந்த வெள்ளை அவள் நெஞ்சின் நடுவே அசையாமல் நின்றது. மேசையை நிமிர்த்தியதும் பீலியில் மழைநீர் இறங்குவதுபோல வழுக்கிக் கீழே போனது.

"பாத்தீங்களா?" என்றார் சத்திரசிகிச்சை நிபுணர் இப்றாஹிம். "உங்கட குழாய் தள்ளுறதை விட்டுட்டுது. சாப்பாடு தானா விழுகுது."

"இவ்வளவு நாளும் நான் விழுங்கவே இல்லையா, டொக்டர்?"

பயப்படவேண்டிய இடத்தில் அவள் அதிசயித்துப் போய் நின்றாள்.

கணவன் ஹியூபேட் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவன். அவன்தான் கேட்டான்: "வயித்தின்ர மேல்பக்கத்தைக் குழாயைச் சுத்தித் தைக்கலாமெண்டு சொல்லினம்?"

"மற்ற ஆக்களுக்கு அது நல்லது. இவங்களுக்கு வயித்து வாசலை இறுக்கினா சாப்பாடு நடுவில நிண்டிடும். அரைவாசி சுத்தினா அந்தப் பயம் குறைவு, ஆனா புளிப்புத் திரும்ப ஏறலாம். குழாயையே எடுக்கிறது கடைசி வழி, பெரிய ஆபத்து." டொக்டர் ஒரு தாளில் படம் வரைந்தார். "நான் நினைக்கிறது இது. வயித்தின்ர உச்சியில முட்டையளவு பையை மட்டும் பிரிச்செடுத்து, சிறுகுடலை மேல கொண்டுவந்து அதில தைப்பன். மிச்ச வயித்தின்ர புளிப்பும் பித்தமும் நல்லாக் கீழ போய்த்தான் சேரும். ஏற வழியில்ல."

"மிச்ச வயிறு?"

"உள்ளயே இருக்கும். சாப்பாடு அதுக்குள்ள போகாது. நீங்க இன்னும் மெலிவீங்க, ஆயுசுக்கும் விற்றமின் வேணும். இந்த வருத்தக்காரருக்கு நான் இதைச் செய்யிறது முதல் தடவை."

ஹியூபேட் தலையைக் குனிந்தான். பிறிஜெற் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷன் இப்படியெல்லாம் யோசிப்பானா!

"செய்யுங்கோ, டொக்டர்."

வைத்தியசாலையில் சேரப் போன அன்று சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு எல்லோரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் எக்ஸ்ரே உறையைத் திறந்து, "மே மொகத்த?" என்று சிங்களத்தில் அது என்னவென்று கேட்டான்.

"மகே பப்புவ," என்றாள் பிறிஜெற், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி.

அவன் படத்தை வெயிலுக்கு நேரே பிடித்தான். விலா எலும்புகளுக்கு நடுவே நீண்டு கிடந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடியே நின்றான். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். பிறகு படத்தை உறைக்குள் போட்டு, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்து, "யன்ன, அக்கே," என்று அக்காவைப் போகச் சொன்னான்.

சத்திரசிகிச்சை ஐந்து மணித்தியாலம் நடந்தது. காயம் ஆறச் சுணங்கியது. எட்டுக் கிலோ குறைந்தாள். விரல்கள் இளகவில்லை, குழாயும் தள்ளத் தொடங்கவில்லை. வருத்தம் வருத்தமாகவே இருந்தது.

ஆனால் இரண்டாம் மாதம் ஒரு மத்தியானம், நாலு வருஷமாகத் தலையணைகளில் சாய்ந்தபடியே உறங்கியவள், கட்டிலில் தட்டையாகப் படுத்துப் பார்த்தாள். ஹியூபேட் பக்கத்தில் நின்றான்.

"ஏறுதா?"

"இல்லை."

"பொறு, இன்னும் கொஞ்சம் பாப்பம்."

அதற்குள் அவள் நித்திரையாகிவிட்டாள். அன்று அவன் வேலைக்குப் பிந்தித்தான் போனான்.