மாதாவுக்கு நேர்ந்த குலை

நேர்த்திக்கடன் வைப்பதில் செசீலியா அக்காவை வெல்ல நாவற்குடாவில் ஆள் இல்லை. ஆடு காணாமல் போனால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி. புருஷன் ஓட்டுகிற பஸ் நடுவழியில் பழுதாகி நின்றால் செபஸ்தியாருக்கு இன்னொன்று. ஒருமுறை அடைவைத்த முட்டை எல்லாம் பொரிக்க வேண்டும் என்றுகூட யாருக்கோ எதையோ நேர்ந்துவிட்டிருந்தாள். "மோட்சத்தில ஒருத்தரையும் சும்மா இருக்க விடமாட்டீங்களா அக்கா?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். "நீ மெதடிஸ்தக்காரி, உனக்கு இது விளங்காது பீற்றிஸ்" என்பாள். விளங்கத்தான் இல்லை. ஆனால் நேர்ந்த ஒன்றைச் செய்யாமல் அவள் விட்டதை நான் கண்டதில்லை. மாரி மழையில் நனைந்துகொண்டு போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து, காய்ச்சலில் ஒரு கிழமை படுத்துக் கிடந்தவள்.

அவளுக்கு ஒரே மகள், இமெல்டா. இருபத்திரண்டு வயது. சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் இருதயத்தில் போய்க் குந்திக்கொண்டது. கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். வால்வு சுருங்கிவிட்டது, பாரம் தூக்கக் கூடாது, கலியாணம் கட்டினாலும் பிள்ளை பெறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கல்முனையில் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். அந்தக் கதையை எடுத்தால் எனக்குக் கோபம்தான் வரும், விடுகிறேன்.

வீட்டோடு இருந்த அந்தப் பிள்ளையிடம்தான் முந்திரிகைக் கொடி வந்து சேர்ந்தது. எங்கள் வேதப்புத்தகத்தில் திராட்சை என்று போட்டிருக்கும், வாயில் வருவது முந்திரிகைதான். அவளுடைய அப்பா பஸ்தியாம்பிள்ளை அண்ணனுக்குக் கல்முனை ரோட்டில் பஸ் ஓட்டம். காத்தான்குடியில் பஸ் நிற்கிற இடத்துக்கு முன்னால் சரீபின் புடவைக்கடை, கடைக்குப் பின்னால் வீடு. அந்த வீட்டு முற்றத்தில் சரீபின் மனைவி ஜெமீலா முந்திரிகைப் பந்தல் போட்டிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கொடி. இமெல்டா ஆசைப்படுகிறாள் என்று கேள்விப்பட்டு ஒரு தடியை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். அண்ணன் அதைத் தன் சீற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்.

நாவற்குடா மணலில் முந்திரிகையா என்று எல்லோரும் சிரித்தோம். இமெல்டா எங்களைச் சட்டை செய்யவில்லை. கிணற்றடியில் குழி தோண்டச் சொல்லி, வாவிக்கரையில் ஒதுங்குகிற பாசியும் மாட்டெருவும் போட்டு நட்டாள். கழுவுகிற தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். அண்ணன் பந்தல் போட்டுக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் கொடி பந்தலை மூடிவிட்டது. ஆனால் வெறும் இலை. ஒரு பூ இல்லை, ஒரு காய் இல்லை.

ஒருநாள் ஜெமீலாவே வந்து பார்த்தாள். பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"வெட்டாம வெச்சிருந்தா எப்பிடிப் புள்ள காய்க்கும்? மழை முடிஞ்ச பொறகு கொப்பெல்லாத்தையும் கட்டையா வெட்டணும். இரிக்கிற இலை முழுக்க உருவணும். வேருல குழி தோண்டி இரத்தமும் எலும்பும் போட்டுத் தாக்கணும். செத்துருவம் எண்டு பயந்துதான் இது காய்க்கிற."

அந்த வருஷம், அறுபத்தைந்தில், ஹஜ்ஜுப் பெருநாளும் எங்கள் பெரிய கிழமையும் ஒன்றாக வந்தன. குர்பான் கொடுத்த ஆட்டின் இரத்தத்தையும் எலும்பையும் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டு, வாயைக் கட்டி, ஜெமீலா பஸ்ஸில் அனுப்பிவைத்தாள். பஸ்ஸில் வந்த சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணனை ஏசியதாம். செசீலியா அக்கா அதைவிட ஏசினாள். "ஆண்டவர் பாடுபட்ட கிழமையில இரத்தத்தையா வீட்டுக்குக் கொண்டாறீங்க?" அதனால் ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா முடியும்வரை அந்தத் தகரம் என் வீட்டு வளவுக்குள் இருந்து நாறியது. மெதடிஸ்த வளவென்றால் பாவம் இல்லைபோலும்.

பாஸ்கா முடிந்த கையோடு தகரத்தில் இருந்ததை வேரடியில் புதைத்து, கொடியை வெட்டினார்கள். இமெல்டா கதிரையில் உட்கார்ந்து தடியால் காட்டினாள், அப்பா வெட்டினார். பச்சைப் பசேல் என்று இருந்த பந்தல் மத்தியானத்துக்குள் விறகாகிவிட்டது. செசீலியா அக்கா குசினி அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. "வளந்து நிக்கிறதை இப்பிடி மொட்டையடிக்க எப்பிடித்தான் மனசு வருதோ" என்று உள்ளேயிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் கட்டையான கொப்புகளில் சிவப்பாய்த் துளிர் வந்தது. துளிரோடு பூவும் வந்தது. தவிட்டைத் தூவியது போல அவ்வளவு பொடிப் பூ. இமெல்டா வேலிக்கு வந்து என்னைக் கூப்பிட்ட சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "மூண்டு குலை பீற்றிஸ் மாமி. வடிவாப் பாத்திட்டன், மூண்டு."

அன்று பின்னேரமே செசீலியா அக்கா நேர்ந்துவிட்டாள். மகளுக்குச் சுகம் வரவேண்டும், முதற்குலை மாதாவுக்கு. ஆகஸ்ட் மாதம் மாதா கோயில் திருவிழா. நேர்ந்த பொருட்களைப் பீடத்தில் வைத்துப் பூசை முடித்து, பிறகு கோயில் முற்றத்தில் ஏலம் கூறுவார்கள். முதற்காய்ப்புப் பூசணியும் முதற்தேங்காயும் சேவலுமாக எல்லாம் வரும். முந்திரிகைக்குலை அந்தக் கோயிலுக்கு அதுவரை வந்ததில்லை. நேர்ந்த பொருளில் வீட்டார் வாய் வைக்கக் கூடாது. ருசி பார்த்தாலும் நேர்த்தி முறிந்தது என்றுதான் கணக்கு.

"கொடி என்னுடையது. என்னட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா?" என்று இமெல்டா கேட்டாள். கோபமாக இல்லை, சும்மா பகிடியாகத்தான்.

"உனக்காகத்தானே புள்ள நேந்த. மற்ற ரெண்டு குலையும் உனக்கு."

மற்ற இரண்டு குலையில் ஒன்றைப் பிஞ்சிலேயே அணில் கடித்துக் கொட்டியது. இன்னொன்று ஒரு காற்றில் காம்போடு முறிந்து விழுந்தது. எஞ்சியது ஒரே ஒரு குலை. அக்கா கொசுவுக்குக் கட்டுகிற பழைய நுளம்பு வலையில் ஒரு துண்டு வெட்டிப் பை தைத்து அதற்குப் போட்டுக் கட்டினாள். முதற்குலை என்று நேர்ந்தது கடைசிக் குலையாக வந்து நின்றது.

ஜூலை மாதம் இமெல்டாவின் கால் வீங்கத் தொடங்கியது. பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து மருந்து கொடுத்து அனுப்பினார்கள், வடிந்தது, திரும்பவும் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்துதான் இருப்பாள். கட்டிலைச் சன்னலோடு இழுத்துப் போடச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் பந்தலும் அந்த வலைப்பையும் தெரியும். காய்கள் பெருத்து, ஒன்றிரண்டில் ஊதா நிறம் ஏறத் தொடங்கியிருந்தது.

நான் தைத்துக் கொடுத்த புதுச் சட்டையைப் போட்டுப் பார்ப்பதற்காகப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. சட்டை தொளதொளவென்று இருந்தது. நான் ஊசி குத்திக்கொண்டு நிற்க, அவள் தாயைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, ஒண்டே ஒண்டு தாங்களன். வாயெல்லாம் கசக்குது."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "அது மாதாவுக்கு நேந்தது மகள். உன்ட உயிருக்கு நேந்தது. திருவிழா மட்டும் பொறு. சுகம் வந்த பிறகு திருப்பி வெட்டி விடுவம். அடுத்த காய்ப்பு முழுக்க உனக்குத்தான், ஒரு பழம் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

இமெல்டா தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அவள் தாயிடம் கேட்கவே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம் கேட்டேன். "மாதா என்ன, பழத்தை எண்ணிக்கொண்டா இருக்கிறா? ஒரு தாய்தானே அவவும். பிள்ளை கேட்டது எண்டால் அவவே பிச்சுக் குடுத்திருப்பா."

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்.

"டாக்டர்மார் கையை விரிச்சிட்டாங்க பீற்றிஸ். அவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போயிருவார், ரோட்டைப் பாத்துக்கொண்டு இருக்கலாம். எனக்கு என்ன இருக்கு? அந்தக் குலை ஒண்டுதான் கையில இருக்கு. அதையும் நானே கெடுத்துப்போட்டு, மறுகா அவளுக்கு ஒண்டு நடந்திட்டா நான் என்னத்தை நினைச்சுக்கொண்டு உயிரோட இருக்கிற?"

அவள் அரிசியை உலையில் போட்டாள். நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கோயிலில் திருவிழாக் கொடி ஏறிய மறுநாள் விடியற்காலை இமெல்டா போய்விட்டாள். அழுகுரல் கேட்டு நான் ஓடிப்போனேன். தலையணையில் சாய்ந்தபடிதான் இருந்தாள், முகம் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது. ஜெமீலா கேள்விப்பட்டு முதல் பஸ்ஸிலேயே வந்து, அடக்கத்துக்கு எடுக்கும்வரை அக்காவின் முதுகைத் தடவியபடி பக்கத்தில் இருந்தாள். அக்கா பெரிதாகக் கத்தி அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

திருவிழாவன்று காலையில் நான் கஞ்சி கொண்டு போனபோது அக்கா வெள்ளைச் சேலை உடுத்துக் கிணற்றடியில் நின்றாள். கையில் கத்தி. வலையோடு சேர்த்துக் குலையை அறுத்து எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்தாள். பீங்கான் தட்டம் ஒன்றைத் துடைத்து மேசையில் வைத்திருந்தாள்.

"இதை ஏன் இனிக் கொண்டுபோறீங்க அக்கா?" என்று கேட்டேன். அடக்கப் பார்த்தும் குரல் கடுமையாகத்தான் வந்தது. "கேட்டது கிடைக்கல்லயே."

"நேந்தது நேந்ததுதான்" என்றாள்.

வலையை அவிழ்த்தாள். குலை நன்றாகப் பழுத்திருந்தது. கருநீலமாக, சாம்பல் பூத்து. அதைத் தட்டத்தில் வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். குலையின் மேல்பக்கத்தில் ஒரு காம்பு மொட்டையாக நின்றது. பழம் உதிர்ந்த காம்பு இல்லை. பிய்த்த இடம் காய்ந்துபோய் இருந்தது. வலையில் ஓட்டை கிடையாது, அதனால் அணிலைச் சொல்ல முடியாது.

"ஆரோ கை வச்சிருக்கு" என்றாள். "ஆரோ முதலே கை வச்சிருக்கு பீற்றிஸ்."

அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்தது. நேர்த்தி முறிந்தது. அதனால்தான். அவளுடைய கணக்கில் வேறு முடிவு வராது. அந்தக் கையை அவள் சாகும்வரை மன்னிக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

பஸ்தியாம்பிள்ளை அண்ணன் குசினி வாசலில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. முகம் வழிக்காமல் தாடி வளர்ந்திருந்தது.

"நான்தான்" என்றார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவள் போறதுக்கு முந்தின சனிக்கிழமை நீ செபமாலைக்குப் போயிருந்தாய். அவள் என்னட்டக் கேக்கல்ல. சும்மா சன்னலால பாத்துக்கொண்டு கிடந்தாள். எனக்குத்தான் பொறுக்க ஏலாமப் போச்சு. ஒண்டைப் பிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தன். மறுகா வலையை நீ கட்டின மாதிரியே கட்டிவிட்டன்."

அக்கா வாயைத் திறந்தால், நீங்கள்தான் அவளைக் கொன்றீர்கள் என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு இரண்டு பேர் ஒன்றாக இருக்க முடியாது. அவள் அந்த மொட்டைக் காம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு கேட்டாள். "இனிச்சிதாமா?"

அண்ணன் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"புளி. அப்ப பழுக்கவே இல்லயே. வாயில போட்ட உடன முகம் சுருங்கிப் போச்சு. துப்பு புள்ள எண்டு கையை நீட்டினன். துப்பல்ல. விழுங்கிப்போட்டு, இனிக்குது அப்பா எண்டாள். நல்ல பழம், அம்மா பயப்படாமக் கோயிலுக்குக் கொண்டுபோகலாம் எண்டாள்."

சொல்லிவிட்டு அவர் வாசற்படியில் குந்திவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அக்கா தட்டத்துக்கு முன்னால் நின்றாள். கை நீண்டது. அந்த மொட்டைக் காம்புக்குப் பக்கத்தில் இருந்த பழத்தைப் பிடுங்கினாள். நான் தடுக்கவில்லை, தடுக்க நினைக்கவும் இல்லை. வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"இப்ப இனிக்குது" என்றாள்.

இரண்டாம் முறையும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை சொல்லும்போது குரல் உடைந்து, அடக்கத்தன்று வராத அழுகை எல்லாம் வந்தது. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். கோயிலில் முதல் மணி அடித்தது, பிறகு இரண்டாம் மணியும் அடித்தது. வெள்ளைச் சேலையோடு அவள் குசினித் தரையில் இருந்தாள், எழும்பவில்லை. எனக்குத் தெரிந்து செசீலியா அக்கா செய்யாமல் விட்ட நேர்த்தி அது ஒன்றுதான். தட்டத்தில் இருந்த குலையை அதற்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை. பின்னேரம் எறும்பு ஏறிக் கிடந்தது.

அடுத்த வருஷம் மழை முடிந்ததும் பந்தல் முழுக்க இலையாக நின்றது. பாஸ்கா கழிந்து ஒருநாள் அண்ணன் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அக்கா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்ட வேணாம்" என்றாள்.

"வெட்டாட்டிக் காய்க்காதே."

"காய்க்க வேணாம். நிழலுக்கு நிக்கட்டும்."

அண்ணன் கத்தியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார். அக்கா தோய்த்த உடுப்பைப் பிழிந்து பந்தற்காலில் கட்டியிருந்த கயிற்றில் போட்டாள்.