வியாழக்கிழமை ஜெபத்தில் ஒரு பெயர்

எலுவியாவின் ஒரே மகன் ஓஸ்பெலி சிகாகோவில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான் என்றுதான் வியாழக்கிழமை ஜெபக்குழுவில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். தலைநகரை விட்டு வெயில் ஊரான சகாபாவுக்குக் குடிவந்த புதிதில், பிள்ளை எங்கே என்று யாரோ கேட்டபோது அவள் வாயில் வந்துவிட்ட பொய் அது. வீட்டுக்கு ஒருவர் பிழைப்புக்காக வடக்கே சிகாகோ பக்கம் போயிருந்த ஊர் என்பதால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

குழு மக்காரியோவின் டயர் கடைக்குப் பின்னால் கூடும். மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, ஒரு கித்தார். பாட்டு, வேத வாசிப்பு, பிறகு அவரவர் விண்ணப்பம். எலுவியா வாய்விட்டு ஜெபிக்க மாட்டாள். முறை வந்தால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தொட்டுத் தள்ளிவிடுவாள். மகனுக்காக ஜெபியுங்கள் என்று மட்டும் ஒவ்வொரு வாரமும் கேட்பாள். அவர்களும் விடாமல் ஜெபித்தார்கள். அவன் வேலைக்காக, உடம்புக்காக, அந்த ஊர்க் குளிருக்காக.

குளிர் என்றதைக் காதில் வாங்கிக்கொண்டவள் எர்லிந்தா. மூட்டுவலியில் வீங்கிய விரல்களோடு அவள் ஒரு கம்பளித் தொப்பி பின்ன ஆரம்பித்தாள்.

"நிழல்ல உக்காந்தாலே வேர்த்து ஊத்துது. இந்த வெயில்ல கம்பளி பின்னுறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றார் மக்காரியோ.

"நீங்க டயரைப் பாருங்கண்ணே. பனி காதைக் கடிச்சுத் தின்னுடுமாம் அங்க" என்றாள் அவள்.

எர்லிந்தாவும் தலைநகரிலிருந்து வந்தவள்தான். அங்கே அவளும் கணவனும் ரொட்டிக்கடை வைத்திருந்தார்கள். பணம் கேட்டு மிரட்டும் கும்பல் நாளுக்கு இரண்டு முறை போன் செய்தது. ஒருநாள் கடைக் கதவில் சுட்டுவிட்டுப் போனது. அந்த மாதமே கணவன் நெஞ்சுவலி வந்து செத்துப்போனான். எர்லிந்தா இதைக் குழுவில் சாட்சியாகச் சொன்ன அன்று எலுவியா காப்பிக் கோப்பையை நாற்காலிக்கடியில் வைத்துவிட்டாள். ஓஸ்பெலி இருந்ததும் அப்படியொரு கும்பலில்தான். கடைக்காரர்களுக்குப் போன் போடுவது அவன் வேலை. இப்போது மேற்கே குளிர் மலைமேல் இருக்கும் சிறையில் இருந்தான். அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எலுவியா மாதாமாதம் பஸ் ஏறுவது அங்கேதான்.

தொப்பி முடிந்தது. நீல நிறம், காதை மூடும் மடிப்பு. விண்ணப்பம் சொல்லும் நேரத்தில் எர்லிந்தா அதை எலுவியாவின் மடியில் வைத்தாள்.

"விலாசத்தைச் சொல்லு. நானே பார்சல் கட்டி அனுப்பிடுறேன்."

எலுவியா தொப்பியைப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் பின்னல் கொஞ்சம் கோணியிருந்தது. விரல் வலித்த நாளாக இருக்கும். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"சிகாகோ இல்லக்கா" என்றாள். "ஜெயில்ல இருக்கான். கடைக்காரங்களுக்குப் போன் போட்டு மிரட்டுனவன்க்கா என் மகன். உங்க கடைக்கு இல்ல, வேற பேட்டைல. ஆனா அதே வேலைதான்."

எர்லிந்தா கைநீட்டித் தொப்பியை எடுத்தாள், பைக்குள் திணித்தாள், எழுந்து போய்விட்டாள்.

எலுவியாவும் எழுந்தாள். "இத்தனை நாளா உங்களையெல்லாம் பொய்க்கு ஜெபிக்க வெச்சுட்டேன். என்னை மன்னிச்சுடுங்க. இனிமே வரமாட்டேன்."

"உக்காரும்மா" என்றார் மக்காரியோ. "நாமதான் விலாசத்தைத் தப்பாச் சொல்லிட்டிருந்தோம். கர்த்தருக்குமா அவன் எங்க இருக்கான்னு தெரியாது? ஜெபம் போய்ச்சேர வேண்டிய எடத்துக்குப் போய்ச்சேர்ந்திருக்கும்." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அடுத்த வாரத்துலருந்து கொஞ்ச நாள் உன் வீட்டுல கூடுவோம். நாற்காலிய நான் கொண்டாந்துடுறேன்" என்றார்.

அடுத்த வியாழன் எலுவியா வீட்டைக் கழுவி, இனிப்பு ரொட்டி வாங்கிவைத்துக் காத்திருந்தாள். எல்லோரும் வந்தார்கள். எர்லிந்தா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மூன்றாம் வாரம், கூட்டம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே கதவு தட்டப்பட்டது. எர்லிந்தா வியர்வையோடு நின்றாள். உள்ளே வரச்சொல்லியும் வாசலிலேயே பேசினாள்.

"தொப்பிய பிரிச்சுப் போட்டேன். அன்னிக்கே. ஒரு இழை விடாம."

"பரவால்லக்கா."

"பரவால்லன்னு சொல்லாத. முழுசாக் கேளு. பிரிச்ச நூல் கூடையில கெடந்துச்சு. அந்தப் பக்கம் போறப்பல்லாம் கண்ணுல படும். திட்டிக்கிட்டேதான் மறுபடி பின்னுனேன். என் புருஷனை நெனச்சு அழுதுக்கிட்டே பின்னுனேன்." பையிலிருந்து தொப்பியை எடுத்து நீட்டினாள். "இதைக் குடு. ஆனா அவனுக்காக ஜெபிக்க எனக்கு இன்னும் வாய் வரல எலுவியா. வந்துடுச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். உனக்காக ஜெபிப்பேன். அவனுக்கு நீயே ஜெபி. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

எலுவியா அவள் கையைத் தொப்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வீங்கிய விரல்கள் சூடாக இருந்தன.

அன்று மாலை முறை வந்தபோது அவள் யாருடைய முழங்கையையும் தொடவில்லை. "கர்த்தாவே" என்று ஆரம்பித்தவளுக்கு அடுத்த வார்த்தை வர நேரமாயிற்று. "என் பிள்ளை கெட்டது செஞ்சான். அவனால அழுதவங்க இருக்காங்க. அவங்களை முதல்ல பாருங்க. அப்புறம் அவனைப் பாருங்க." அவ்வளவுதான். மற்றவர்கள் ஆமென் சொன்னார்கள். எர்லிந்தா சொல்லவில்லை. ஆனால் சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த மாதம் சிறையில், தொப்பி யார் பின்னியது என்று ஓஸ்பெலி கேட்டான். எலுவியா ரொட்டிக்கடையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். "அவங்ககிட்ட என்னம்மா சொல்றது?" என்றான்.

"இப்ப ஒண்ணும் சொல்லாத. சும்மா இரு. யோசி."

அவள் திரும்பி வந்து இதை அப்படியே குழுவில் சொன்னாள். எர்லிந்தா ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றாள்.

மழை தொடங்கி, டயர் கடைப் பின்கட்டில் தகரம் போட்டு, குழு மறுபடி அங்கே கூடிய ஒரு வியாழன். எர்லிந்தா வழக்கம்போல ஜெபித்துக்கொண்டிருந்தாள். மக்காரியோவின் முதுகுவலி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் இருமல், மழையில் ஒழுகும் சபைக் கூரை. மூச்சு விடாமல் அதே வேகத்தில், "மலைமேல இருக்குற அந்த ஓஸ்மாரையும் நெனச்சுக்கோங்க கர்த்தாவே, ராத்திரி அவன் நல்லாத் தூங்கட்டும்" என்றுவிட்டு, தன் மூட்டுவலிக்குப் போய்விட்டாள்.

மக்காரியோ ஒரு கண்ணைத் திறந்து எலுவியாவைப் பார்த்தார், பெயரைத் திருத்தட்டுமா என்பதுபோல. அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.