குறைத்த மஞ்சள்

செல்லப்பன் பயப்படாத விஷயம் பெரம்பலூரில் அதிகம் இல்லை. கரண்டு போனால் கம்ப்யூட்டர் போய்விடுமோ என்று பயம், வந்தால் கூடுதலாக வந்து பொசுக்கிவிடுமோ என்று பயம். யாராவது சி.டி. கொண்டுவந்தால் வைரஸ் இருக்குமோ என்று அதை விபூதி பூசாத குறையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போடுவார். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்து நாற்பத்தைந்து வயதைத் தொட்ட மனிதர். பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறிய நாளிலிருந்து எல்லாப் பயத்துக்கும் மேலாக ஒரு பயம் வந்து அவர் தோளில் உட்கார்ந்துகொண்டது. அது கலர் பயம்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய மானிட்டரில் செக்கச்செவேல் என்று இருக்கும் கல்யாணப் பெண், அரியலூர் லேபில் பிரிண்ட் ஆகி பஸ்ஸில் வந்து இறங்கும்போது மஞ்சள் பூத்துப்போயிருப்பாள். "எம் பொண்ணு என்னய்யா சீக்காளியா?" என்று ஒருத்தர் ஆல்பத்தை மேஜைமேல் விட்டெறிந்துவிட்டுப் போனார். அன்றைக்குச் செல்லப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். லேபில் மஞ்சள் ஏறினால், இங்கேயே முன்கூட்டி இறக்கி அனுப்பிவிட வேண்டியதுதான். அதிலிருந்து படம் எதுவானாலும், ஆள் யாரானாலும், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பங்கு மஞ்சளை இறக்கினார். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏற்றினார், விழியில் கொஞ்சம் வெள்ளை அடித்தார். அதற்கப்புறம் ஆல்பம் எதுவும் பறக்கவில்லை. மனுஷன் அதைத் தொழில் ரகசியம் என்றே நினைத்துக்கொண்டார்.

வாலிகண்டபுரத்துக் குழந்தைக்கும் அதைத்தான் செய்தார். பச்சைப்பிள்ளைப் படம் என்று இன்னொரு பங்கு மஞ்சளைக் கூடவே இறக்கினார்.

குழந்தையின் அப்பா மகேஷ் சிங்கப்பூரில் கட்டட வேலை. முதல் பிள்ளை, பார்க்க முடியவில்லை, போட்டோவாவது அனுப்புங்கள் என்று ஸ்டூடியோவுக்கே போன் போட்டு அழாத குறை. அம்மா புவனேஸ்வரிக்குத் தாய் இல்லை. அதனால் மகேஷின் அக்கா லீலாவதிதான் ஆஸ்பத்திரியில் கூட இருந்து, வீட்டுக்கு அழைத்துவந்து, குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் நீளமான பெண். செல்லப்பன் போன அன்று, குளித்த ஈரம்கூடக் காயாத குழந்தையை வெள்ளைத் துண்டில் கிடத்தி, புவனேஸ்வரி மடியில் வைத்து, வாசல் வெளிச்சத்தில் படம் எடுத்தார். மறுநாளே பிரிண்ட் கைக்குக் கிடைத்தது. குழந்தை ரோஜாப்பூ. லீலாவதிக்கு வாயெல்லாம் பல். இதையே பெரிசாக ஒன்று போடுங்கள், தம்பியின் சிநேகிதன் சிங்கப்பூர் திரும்புகிறான், கொடுத்துவிடலாம் என்றாள்.

அதற்குள் அரியலூர் லேபுக்குப் புது ஆள் வந்துவிட்டான். முகமது அனஸ் என்று பெயர், திருச்சியில் வேலை பழகியவன். வந்ததும் முதல் வேலையாகச் செல்லப்பனுக்குப் போன் போட்டான். "அண்ணே, மெஷினுல இருந்த கோளாறெல்லாம் சரி பண்ணியாச்சு. இனிமே நீங்க எதையும் ஏத்தவும் வேணாம், இறக்கவும் வேணாம். எடுத்தத எடுத்தபடி அனுப்புங்க." செல்லப்பனுக்கு நம்பிக்கை வரவில்லை. சரி, சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு கல்யாணக் குரூப் படத்தையும், குழந்தையின் பெரிய படத்தையும் கை வைக்காமல் அனுப்பினார்.

பார்சல் காலை பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் கையிலிருந்து வாங்கி அங்கேயே பிரித்தார். கல்யாணப் படத்தைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டார். பட்டு பட்டாக இருந்தது, கறுப்பு கறுப்பாக இருந்தது, மாப்பிள்ளை மாப்பிள்ளையின் நிறத்தில் இருந்தார். அடுத்து குழந்தையின் படத்தை எடுத்தார். குழந்தை மஞ்சளாக இருந்தது.

ஸ்டூடியோவுக்கு ஓடி அனஸைப் பிடித்தார். "ஏந் தம்பி, சரி பண்ணிட்டேன்னியே! ஒண்ணு நல்லாருக்கு, ஒண்ண மஞ்சக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கியே?"

"அண்ணே, நானும் அதப் பாத்துட்டுத்தான் ரெண்டாவது தடவ போட்டேன். அப்பவும் அப்படித்தான் வந்துச்சு. அந்தத் துண்டப் பாருங்க. நான் மஞ்சள் ஏத்தியிருந்தா துண்டும்ல மஞ்சளாயிருக்கணும்?"

செல்லப்பன் பார்த்தார். துண்டு சலவை வெள்ளை. துண்டைப் பிடித்திருந்த புவனேஸ்வரியின் கை அவளுடைய மாநிறம். பின்னாலிருந்த சுவர் சுண்ணாம்பு வெள்ளை. நடுவில் குழந்தை மட்டும் மஞ்சள்.

"அண்ணே..." அனஸ் குரலைத் தணித்துக்கொண்டான். "அந்தப் புள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லல்ல?"

போனை வைத்துவிட்டுச் செல்லப்பன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். குளிப்பாட்டும்போது மஞ்சள் பூசியிருப்பார்கள், அவ்வளவுதான். லீலாவதியே அன்றைக்குச் சொன்னாளே, பயத்தமாவோடு கஸ்தூரி மஞ்சள் போட்டுத் தேய்த்தேன் என்று. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் உடனே நிமிர்ந்தார். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து, அரைக்கண் திறந்திருந்த முகத்தைப் பெரிதாக்கினார். விழி வெண்மை இருக்க வேண்டிய இடம் பழுத்த எலுமிச்சம்பழத் தோல் நிறத்தில் இருந்தது. விழிக்குள் யார் மஞ்சள் பூசுவார்கள்? முதல் பிரிண்டுக்கு அந்த விழியை வெள்ளையாக்கியது அவருடைய கைதான். அது ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று அந்தக் கை கேட்கவே இல்லை.

கண் மஞ்சளானால் காமாலை என்று தெரியாத மனுஷன் உண்டா? போய்ச் சொன்னால், ஏன் மறைத்தாய் என்று சட்டையைப் பிடிப்பார்கள். காமாலை இல்லையென்று ஆகிவிட்டாலோ, பச்சைப்பிள்ளைக்கு அபசகுனமாகப் பேசினாய் என்று லீலாவதி தோலை உரித்துவிடுவாள். போன் பண்ணிச் சொல்லிவிட்டு ஒதுங்கலாமென்றால் அந்த வீட்டில் போன் கிடையாது. ஷட்டரைப் பாதி இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். கடைசியில் பூட்டக்கூட மறந்து டி.வி.எஸ். வண்டியை எடுத்தார்.

நெடுஞ்சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. தாம் நினைப்பது தப்பாக இருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனார். தம்முடைய கண் பொய்யாகப் போகட்டும் என்று ஒரு போட்டோக்காரர் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

வீட்டில் புவனேஸ்வரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருட்டான உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் படக்கூடாதென்று ஜன்னல் சாத்தியிருந்தது.

"குழந்த எப்படிம்மா இருக்கு?"

"சமத்துண்ணே. ரெண்டு நாளா அழுகையே இல்ல. பாலுக்குக்கூட நாமதான் எழுப்பணும். எழுப்புனாலும் ரெண்டு வாய் குடிச்சிட்டுத் தூங்கிடுது."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

லீலாவதி மோர் கொண்டுவந்தாள். "வாங்கண்ணே. உங்க போட்டோவாலதான் நேத்து எங்க மானம் பொழச்சிச்சு. ஊரு நர்ஸம்மா வந்து, புள்ள மஞ்சளா இருக்கு, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கன்னுச்சு. இது குளிக்க வச்ச மஞ்சள்மா, உள்நிறம் என்னான்னு இதுல பாருன்னு உங்க போட்டோவக் கொண்டாந்து நீட்டுனேன். அப்பவும் அதுக்குச் சந்தேகந்தான். எதுக்கும் காட்டிருங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. நாந்தான் போவல."

கண்ணாடி ஓரத்தில் அந்தப் போட்டோ செருகியிருந்தது. ரோஜாப்பூப் பிள்ளை, வெள்ளை விழி. செல்லப்பன் மோரை வாங்கவில்லை. இப்போது சொல்லாவிட்டால் தாம் மனுஷனே இல்லை என்று தோன்றிய மாத்திரத்தில் வாய் தானாகத் திறந்தது.

"அந்தப் போட்டோ பொய்ம்மா."

"என்னண்ணே சொல்றீங்க?"

"எல்லாப் படத்துலயும் மஞ்சளக் குறைப்பேன். இதுலயும் குறைச்சேன். கண்ண நாந்தான் வெள்ளையாக்குனேன். நர்ஸம்மா சொன்னதுதான் நெசம். எழுந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

லீலாவதி முகம் மாறியது. "பொறந்த புள்ளைய போட்டோ எடுக்கக் கூடாதுன்னு ஊரே சொல்லிச்சு, நாந்தான் கேக்கல. இப்ப வந்து வாய வைக்கிறீங்களா? பூசுன மஞ்சள்யா அது!"

"துடைச்சிப் பாருங்க தாயி. ஈரத்துணியால துடைச்சிப் பாருங்க. போச்சுன்னா என்னச் செருப்பாலயே அடிங்க."

புவனேஸ்வரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முந்தானையை நனைத்து, குழந்தையின் உள்ளங்காலைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். துணியில் மஞ்சள் ஒட்டவில்லை, கால் மஞ்சளாகவே இருந்தது. விரலால் இமையை மெல்லப் பிரித்துப் பார்த்தாள். அவள் தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தத்துக்கும் குழந்தை கண் விழிக்கவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. முப்பதுக்கு மேல் முடுக்காத செல்லப்பன், பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே பெரம்பலூருக்குப் பறந்தார். குழந்தை அழ வேண்டும், ஒரு தடவையாவது அழ வேண்டும் என்று காதைப் பின்பக்கமே வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தார். உள்ளங்காலைப் பார்த்தார். "எப்பலேருந்து இப்படி இருக்கு?"

புவனேஸ்வரி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். பின்னாலேயே பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்த லீலாவதி, "நேத்துதான் நர்ஸம்மா..." என்று இழுத்தாள்.

"எனக்குச் சரியாத் தெரியணும்மா. முகத்துல மட்டும் இருந்துச்சா, வயித்துக்கு எப்ப இறங்குச்சு?"

கதவோரம் நின்ற செல்லப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் படம் எடுத்த திங்கக்கிழமையே வயித்துல இருந்துச்சும்மா. கால்ல இல்ல. வயித்துல இருந்தத நாந்தான் அழிச்சேன்."

டாக்டரம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. நர்ஸிடம் திரும்பி ஏதோ சொன்னார். குழந்தையின் கண்ணைக் கட்டி, நீல விளக்குக்கு அடியில் கிடத்தினார்கள். குறையவில்லையென்றால் திருச்சிக்குக் கொண்டுபோய் இரத்தம் மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த நீல வெளிச்சத்தில் குழந்தைக்கு என்ன நிறம் என்றே தெரியவில்லை. செல்லப்பன் வராந்தாவில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஷட்டர் திறந்து கிடக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். அதற்குப் பயப்பட அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை.

மறுநாள் இரத்தத்தில் காமாலை இறங்கியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் இறங்கியது. உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டரம்மா. ஆனால் இவ்வளவு ஏறிய பிள்ளைகளில் சிலதுக்குக் காது கேட்காமல் போய்விடும், பார்க்கலாம் என்றும் சொன்னார். அந்தப் 'பார்க்கலாம்' மூன்று பேரையும் அரித்தது. புவனேஸ்வரி குழந்தையின் காதோரம் கை தட்டிப் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அது தூங்கிக்கொண்டே இருந்தது. செல்லப்பன் பக்கம் அவள் இன்னும் திரும்பவில்லை. அவரும் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை.

மத்தியானம் லீலாவதி சாப்பாடு கொண்டுவந்தாள். அழுது வீங்கிய கண்ணுக்குக் கட்டில்கால் தெரியவில்லை. இடித்துக்கொண்டாள். கையிலிருந்த தூக்குவாளி சிமெண்டுத் தரையில் விழுந்து வார்டே அதிரும்படி உருண்டது.

குழந்தை திடுக்கிட்டது. கையும் காலும் நாலு பக்கமும் துள்ள, முகம் சுருங்கி, வீரிட்டு அழுதது.

யாரும் அதைத் தூக்கவில்லை. லீலாவதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்லப்பன் கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டார். புவனேஸ்வரி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத குரலில் சொன்னாள்:

"அண்ணி, இன்னொருக்கா போடுங்க."