என் வரி, அவள் வாய்

கனிஷ்கா நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவள்தான். அதுதான் என் வயிற்றெரிச்சலே. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

தண்டலத்தில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் விளம்பர ஆபீஸ். முதலாளி கோதண்டராமன். பிரியாணிக் கடை, டிரைவிங் ஸ்கூல், ஹாஸ்டல் என்று சுற்றுவட்டாரத்துக்காரர்களின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நாங்கள்தான் நடத்துகிறோம். அதில் எழுதுகிற வேலை என்னுடையது. பெயர் முப்பிடாதி, ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்று, நைட் ஷிஃப்ட் பார்த்துக் கண் குழிவிழுந்த பிறகு, எழுத வரும் என்கிற ஒரே தைரியத்தில் இங்கே வந்து சேர்ந்தேன்.

மண்ணூர் கிளியம்மாவின் மகளிர் ஹாஸ்டலுக்குப் போன வருஷம் ஒரு வீடியோ செய்தேன். எழுதியது, பேசியது, மாடி மாடியாக ஏறிக் காட்டியது எல்லாம் நான். அந்த ஹாஸ்டலில் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கென்று ஒரு தனி மாடி உண்டு. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டிருப்பார்கள். மத்தியானம் வரை கீழே மிக்ஸி ஓடாது. "பகல்ல தூங்குற பொண்ணைச் சோம்பேறின்னு யாரும் சொல்லாத வீடு இது" என்று அதில் ஒரு வரி வரும். நான் முன்பு குடியிருந்த அறையின் வீட்டுக்காரம்மா என்னைத் தினமும் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அந்த வரி எனக்குக் கிடைத்தது. அவ்வளவு பாடுபட்டு எடுத்த வீடியோவைப் பார்த்தவர்கள் ஒரு கம்பெனி பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். அதில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள்.

அப்புறம் கனிஷ்கா வந்தாள். பக்கத்துக் காலேஜில் படிப்பை முடித்த கையோடு வந்தவள். வந்த வாரமே, "அக்கா, இந்தப் பழைய வீடியோவ நான் யூஸ் பண்ணிக்கவா?" என்று பவ்வியமாகக் கேட்டாள். பழைய துணிதானே, எடுத்துக்கொள் என்கிற மாதிரி தலையாட்டிவிட்டேன்.

அவள் அதைத் துண்டு துண்டாக நறுக்கினாள். ஒரு துண்டை ரீல்ஸ் ஆக்கினாள், ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆக்கினாள், இன்னொன்றைப் படத்தின் மேல் எழுத்தாகப் போட்டாள். கறுப்புத் திரை, படிக்கட்டு, கட்டில் எல்லாம் நான் எடுத்ததே. என் குரலை மட்டும் எடுத்துவிட்டு, தன் முகத்தை முன்னால் வைத்து என் வரியைத் தானே பேசினாள். "பகல்ல தூங்குனா சோம்பேறின்னு சொல்றாங்களா? இங்க வாங்க, சொல்ல மாட்டாங்க." அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்புகிற பெண்களின் போன்களில் எல்லாம் அவள்தான் ஓடினாள். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பார்களே, அந்தக் கரையானின் மனசு அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். "ஏளா, ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன் பாத்தியா? அந்தப் புள்ள எவ்வளவு அழகாப் பேசுதா. நீயும் அப்படி ரெண்டு வார்த்தை பேசக் கூடாதா?"

"எம்மா, அது நான் எழுதுனதும்மா."

"எழுதுனது யாருக்குத் தெரியுது? மொகந்தான தெரியுது."

அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரமே கோதண்டராமன் சார் என்னைக் கூப்பிட்டார். "முப்பிடாதி, தப்பா நெனச்சிக்காத. உன் ஒரு வீடியோல அந்தப் பொண்ணு இவ்ளோ பண்ணிட்டா. உன் பழைய சரக்கு இன்னும் எவ்ளோ கீது பாரு. அத வெட்டி வெட்டிப் போட்டாலே ரெண்டு வருஷம் ஓட்டிடலாம். புதுசா எழுத ஆள் எதுக்கு? ஒண்ணாந்தேதிலேர்ந்து நீ போன்ல ஒக்காரு. ஹாஸ்டலுக்கு என்கொயரி வந்துகினே கீது."

நான் எழுதி வைத்ததே எனக்கு வினையாகப் போயிற்று. அவள் ரீல்ஸைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்களுக்கு நான் போனில் ரூம் வாடகை சொல்ல வேண்டுமாம். "ரீல்ஸ்ல பேசுற அக்காவா?" என்று கேட்பார்கள். "இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே என் காலம் போக வேண்டுமாம்.

மறுநாள் மத்தியானம் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். ஹாஸ்டலின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கனிஷ்காவின் புது ரீல்ஸ். கீழே வரிசையாக இதயப் படங்கள். 'அக்கா, எங்க மனசுல இருக்கறத அப்படியே சொல்றீங்க' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அவள் மனசில் இருப்பதை எழுதியவள் இங்கே தயிர்சாதம் தின்றுகொண்டிருக்கிறேன். என்னிடம் ரோஜாப்பூ படம் போட்ட ஒரு பொய் ஐடி உண்டு. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷப் படங்களைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதற்காக வைத்திருந்தது. அதற்கு மாறி, விறுவிறுவென்று எழுதிப் போட்டேன்.

'இந்தப் பொண்ணு ஒரு நாளாச்சும் நைட் ஷிஃப்ட் பாத்திருக்கா? எழுதினது வேற ஆளு, இது சும்மா வாயசைக்குது. சொந்தமா நாலு வரி எழுதச் சொல்லுங்க பாப்போம்.'

போட்ட பிறகு சாதம் ருசியாக இருந்தது. டப்பாவை வழித்துத் தின்றுவிட்டுக் கை கழுவப் போனேன்.

கை கழுவி வருவதற்குள் ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மறுமுனையில் கிளியம்மா. "இன்னாம்மா நடக்குது அங்க? என் பேஜே என் பேஜத் திட்டிக்கினு கீது?"

என் செல்போனை எடுத்துப் பார்த்தால், நான் ரோஜாப்பூவுக்கு மாறவே இல்லை. மாறினதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து ஹாஸ்டல் ஐடியிலேயே இருந்தவள், ஹாஸ்டலின் பெயரிலேயே, அதன் முகப்பிலிருக்கும் நிலாப் படத்தோடேயே ஹாஸ்டலின் ரீல்ஸைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும். நான் விரலால் கெட்டேன். கீழே ஒரே சிரிப்பு. 'அட்மின், உடம்பு சரியில்லையா?' 'உள்நாட்டுப் போர் ஆரம்பம்.' அவசரமாக அழித்தேன். அழித்து என்ன பயன்? அதற்குள் ஊர் முழுக்கப் படம் பிடித்து வைத்துக்கொண்டது.

அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டு மூன்று பேரிடம்தான் இருக்கிறது. சாருக்குப் போனில் தமிழ் அடிக்கத் தெரியாது. கனிஷ்கா தன்னைத்தானே திட்டிக்கொள்ள மாட்டாள். சார் என் மேஜைக்கு வந்து நின்றார். "போன்ல கூட ஒக்கார வேணாம், வூட்டுக்குக் கெளம்பு" என்றார். பையை எடுத்தேன்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் கனிஷ்கா. அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் கை போனில் ஓடிக்கொண்டிருந்தது. என் கமென்ட்டின் படத்தைத் திரையில் வைத்து, அதற்குக் கீழே தன் முகத்தை வைத்து, அங்கேயே நின்றபடி பேசினாள். "ஆமாங்க, அட்மின் சொன்னது நெஜந்தான். நான் நைட் ஷிஃப்ட் பாத்ததில்ல. இத்தெல்லாம் எழுதினது முப்பிடாதி அக்கா. வருஷக்கணக்கா நைட் ஷிஃப்ட் பாத்தவங்க. கோவம் வராம இன்னா பண்ணும்?"

என் பெயரை அவள் வாயால் ஊருக்குச் சொன்னாள். எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதைக்கூட இவள்தானே அழகாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றுதான் வந்தது. என் பொறாமையையும் எடுத்து நறுக்கி ஒரு ரீல்ஸ் ஆக்கிவிட்டாள் பாருங்கள்.

அவள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். சாயங்காலம், நான் இன்னும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே, கிளியம்மா மறுபடியும் சாரைக் கூப்பிட்டார். "அந்தச் சண்டக்காரப் பொண்ண எங்கியும் அனுப்பிடாத. வாரா வாரம் ரெண்டு பேரும் அடிச்சிக்கட்டும். எழுதறதும் அவளே எழுதட்டும்."

சார் ஒன்றுமே நடக்காத மாதிரி எனக்கு டீ சொன்னார்.

இப்போது வாரா வாரம் மண்ணூர் ஹாஸ்டலின் மொட்டை மாடியில் எடுக்கிறோம். கீழ் மாடியில் பெண்கள் தூங்குவதால் மெதுவாகத்தான் சண்டை போட வேண்டும். நான் கோபக்கார அக்கா, அவள் சிரிக்கிற தங்கச்சி. வசனம் என்னுடையது, என் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறேன். முகமும் குரலும் வந்துவிட்டன. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

நேற்று அம்மாவின் மெசேஜ் வந்திருந்தது. 'நல்லா இருக்குளா. ஆனா அந்தப் புள்ள சிரிக்கது ஒரு தனி அழகு.'

இன்றைக்கு ஸ்டாண்டில் போனை வைத்துவிட்டு கனிஷ்கா சொன்னாள். "அக்கா, இந்த சீன்ல டயலாக் இல்ல. நான் சிரிச்சிக்கினே போவேன். நீங்க பின்னாடி நின்னு வயிறெரிஞ்சு பாக்கணும், அவ்ளோதான்."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். நான் பார்த்தேன்.

ஓடி வந்து போனை எடுத்துப் பார்த்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே டேக்ல முடிச்சிட்டீங்கக்கா. எங்க கத்துக்கினீங்க இந்த நடிப்ப?"

நான் நடிக்கவில்லை.