ஒரே பெயரில் மூன்று தீவுகள்

படகிலிருந்து கடைசி ஆளும் இறங்கிப் போய்விட்டார். அவள் காத்திருந்த மாமியாரைக் காணவில்லை. "இன்னும் ஒருத்தர் வரணும்" என்று அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். யாரோ விட்டுப்போன குடை ஒன்றுதான் கிடந்தது.

டிக்கெட் கவுண்ட்டர்காரர் அவள் போனை வாங்கி, மாமியாருக்குப் போட்டிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். "இந்தப் பேர்ல மூணு தீவு இருக்கும்மா. நீங்க தெற்கால இருக்கிற தீவுக்குல்ல போட்டிருக்கீங்க."

மகன் தன்னைக் கேட்காமல் கட்டிக்கொண்டான் என்று கல்யாணத்துக்கே வராத மாமியார், இப்போதுதான் மனமிறங்கிக் கிளம்பியிருந்தார். அவள் அவரைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கிறாள். கணவனுக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன் வேலை. கரைக்கு வர இன்னும் நாளிருக்கிறது. அவனிடம் என்ன சொல்வது? உன் அம்மாவை எங்கேயோ தள்ளிவிட்டேன் என்றா? மாமியாரின் போன் அணைந்தே கிடந்தது.

மறுநாள் தான் வேலை பார்க்கும் ஐஸ் ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டுத் தெற்குத் தீவுக்குப் படகேறினாள். மேப்பில் கடுகு சிந்தினாற்போலத் தெரிந்த தீவுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒன்றின் உச்சியில் எரிமலைப் புகை. ஒன்று வெறும் பாறை, பறவை எச்சத்தில் வெளுத்திருந்தது. இன்னொன்றில் ஒரே ஒரு வீடு, கொடியில் துணி. இரண்டு தீவுகளுக்கு நடுவே கடல் ஆறுபோல ஓடிப் படகைப் பக்கவாட்டில் இழுத்தது. ஜனங்கள் இறங்கிய கரைகளிலெல்லாம் அவள் கண் ஒரு முகத்தைத் தேடியது.

தெற்குத் தீவின் படகுத்துறையில், ஒரு கடை வாசல் பெஞ்சில், யார் வீட்டுக் குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, டிக்கெட்ட மாத்திப் போட்டுட்டேன். என்னை..." அவள் அழுதுவிட்டாள்.

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா அது? ஊர் பூரா விசாரிச்சேன். அப்படி ஒருத்தி இங்க கிடையவே கிடையாதுன்னுட்டாங்க. என் பையன் கட்டிக்கிட்டேன்னு சொன்னதே பொய்யோன்னு நேத்து ராத்திரி பூரா தூக்கமில்ல." கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவ வீட்லதான் படுத்தேன். அழாத, கண்ணைத் தொடை. உன்னப் பாத்ததும்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

"திரும்பற படகு எப்போக்கா?" என்று அவள் கடைக்காரியைக் கேட்டாள்.

"நாளன்னைக்குத்தான்."

"நல்லதாப் போச்சு" என்று மாமியார் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்ததும் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். எதிரே, அவளை இறக்கிவிட்ட படகு அடுத்த தீவுக்குப் போகப் பின்வாங்கி, மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. குழந்தை அவள் கைக்கடிகாரத்தை வாய்க்குள் இழுத்துக் கடிக்க ஆரம்பித்தது.