மாமனாரின் புதுப் பல்லும் பின்தொடைக் கறியும்

பல் செட்டை வாயிலிருந்து கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுத்தான் மாமனார் குறை சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதில் பாதி காற்றாக வந்தது. மீதியை மகள் புரிந்துகொண்டு கணவனுக்குச் சொன்னாள்.

"கடிக்கவே முடியலையாம். பேருக்குத்தான் பல்லாம். வாழைப்பழம் சாப்பிடத்தான் லாயக்காம்."

"நான் சொன்னது அவருக்குக் கேட்டுச்சு. நீ ஒண்ணும் எடுத்துக் குடுக்க வேண்டாம்" என்றார் மாமனார். அதுவும் காற்றாகத்தான் வந்தது.

அந்தப் பல் செட்டைச் செய்தவன் எதிரே உட்கார்ந்திருந்த மருமகனேதான். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பதினாறு வருடமாக அதுதான் அவன் பிழைப்பு. டாக்டரம்மா வாயில் அளவெடுத்து அச்சை உள்ளே அனுப்புவார். அவன் மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, வார்த்து, தேய்த்து, மெருகேற்றி வெளியே அனுப்புவான். மாமனார் தன் கூட்டாளிகளிடம் அவனைப் பற்றிப் பேசும்போது "நம்ம பல்லுக்காரன்" என்றுதான் சொல்வார். மகளை இன்ஜினியருக்குக் கொடுக்க ஆசைப்பட்டு, அது நடக்காமல் போன வயிற்றெரிச்சல் அந்தப் பெயரில் பன்னிரண்டு வருடமாகப் புகைந்துகொண்டிருந்தது.

பல்லுக்காரனுக்கும் மாமனார்மேல் மரியாதை ஒன்றும் பொங்கி வழியவில்லை. மாமனார் முப்பது வருடம் கார் ஓட்டும் லைசென்சுக்குத் தேர்வு வைத்தவர். ஓட்டுபவனின் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, ஆட்களை ஃபெயிலாக்குவதற்கென்றே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு ஃபெயிலாக்க ஆள் கிடைக்காமல் கண்ணில் பட்டதையெல்லாம் ஃபெயிலாக்கினார். டீயை ஃபெயிலாக்கினார், மின்விசிறியை ஃபெயிலாக்கினார், தொலைக்காட்சியில் மழை வரும் என்று சொன்ன பெண்ணை ஃபெயிலாக்கினார். எல்லாம் அலுத்துப்போனால் இருக்கவே இருக்கிறான் மருமகன்.

அதனாலேயே இந்த செட்டை அவன் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான். பாசத்தில் அல்ல. அந்த வாயை ஒருமுறையாவது அடைத்துவிட வேண்டும் என்ற வெறியில். மெழுகிலேயே மூன்று முறை கலைத்து மூன்று முறை நட்டான். மாட்டிப் பார்த்த அன்று, கடி சமமாக விழுகிறதா என்று பார்க்க டாக்டரம்மா நீலச் சாயத் தாளைக் கடிக்கச் சொன்னபோது, சாயம் எல்லாக் கடைவாய்ப் பல்லிலும் பொட்டு வைத்தது போல ஒரே அளவில் ஒட்டியிருந்தது. டாக்டரம்மா மாமனார் வாயையே இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ காட்சிக்கு வைத்த பொருளைப் போல.

"எதைக் கடிச்சா நம்புவீங்க மாமா?" என்று கேட்டான் பல்லுக்காரன்.

மாமனார் செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"ஸ்டேக்."

"ஸ்டேக்கா? மாட்டுக்கறியைக் கனமா வெட்டி வாட்டிப் போடுவாங்களே, அதுவா?"

"ஏன், பயமா இருக்கா மாப்ள? வர ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன். ஸ்டேக் போடுங்க. மென்னு முழுங்கிட்டா நான் வாயைத் திறக்கல. முடியலன்னா இதை டாக்டரம்மா மேசையிலயே திருப்பி வச்சுட்டு வந்துடுவேன்."

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பல்லுக்காரன் கறிக்கடைக்குப் போனான். கடைக்காரர் இடது கையில் இரும்பு வலையில் பின்னிய உறை மாட்டிக்கொண்டு, ஒரு விலாவிலிருந்து கொழுப்பைச் சீவிக்கொண்டிருந்தார்.

"ஸ்டேக் போடணும். மூணு துண்டு."

"அப்ப முதுகெலும்பு ஓரமா இருக்கிறதை எடுத்துக்குங்க சார். நாக்குல வச்சாலே கரைஞ்சிடும்."

"கரையக் கூடாது."

கடைக்காரர் கத்தியை நிறுத்தினார்.

"கடிக்கிற மாதிரி இருக்கணும். நல்லா, பல்லு போட்டுக் கடிக்கிற மாதிரி" என்றான் பல்லுக்காரன். யோசித்துத்தான் சொன்னான். மெத்தென்ற கறியை வாங்கிப் போட்டு, கிழவர் அதை மென்றுவிட்டால், 'கறி நல்ல கறி, பல்லுக்கு என்ன பெருமை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தச் சந்து பொந்துக்கெல்லாம் இடமே கொடுக்கக் கூடாது. கண்ணாடிக்குள் ஓரமாகக் கிடந்த ஒரு கருஞ்சிவப்புக் கட்டியைக் காட்டினான். "அது என்ன?"

"அது பின்தொடை. வெளிப்பக்கத்துச் சதை. மாடு காலம் பூரா நடந்து நடந்து முறுக்கேறினது. மூணு மணி நேரம் மூடி வச்சு வேக வைக்கிறவங்க வாங்குவாங்க."

"அதுல போடுங்க. ரெண்டு விரல் கனம்."

"சார், அதை ஸ்டேக் போட்டா…" கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வீட்ல யாரோடயாவது சண்டையா?"

"நீங்க வெட்டுங்க."

"மெலிசாவாவது போட்டுத் தரேனே."

"ரெண்டு விரல்."

கடைக்காரர் வெட்டிக் கொடுத்தார். பொட்டலத்தை நீட்டும்போது அவர் பார்த்த பார்வையில், கறியைப் பற்றி ஒன்றும் தெரியாதவனுக்குக் கறி விற்க வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. பல்லுக்காரன் அதைக் கண்டுகொள்ளவில்லை. மாடு வெட்டுகிறவனுக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"இது ஸ்டேக் கறியே இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"விரலால அமுக்கிப் பாத்தேன். இது என்னைத் திருப்பி அமுக்குது." கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "உங்களுக்கு எங்கப்பாவை மட்டம் தட்டணும். அவருக்கு உங்களை. அதுக்கு நடுவுல நான் எதுக்கு இதை மெல்லணும்? எனக்கு ரெண்டு முட்டை போதும்."

அவன் வீடியோ பார்த்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். கறியை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்தான், காகிதத்தால் ஒற்றி ஈரம் போக்கினான், உப்பும் மிளகும் தூவினான். கனமான இரும்பு வாணலியை அடுப்பில் வைத்து, புகை கிளம்பும்வரை காத்திருந்தான். வீடியோவில் வந்த ஆள் கறியைப் போட்டதும் அது இனிமையாகச் சீறியது. இங்கே இரண்டு துண்டுகளும் வாணலியில் விழுந்ததும் நாலு பக்கமும் சுருண்டு, நடுவில் கூன் போட்டு நின்றன. கரண்டியால் அழுத்தினால் ஒரு பக்கம் படிந்து மறுபக்கம் எழுந்தது. சமையலறை முழுக்கப் புகை. அந்த நேரத்தில்தான் மாமனார் இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே வந்தார்.

"புகை வருது மாப்ள."

"வரணும் மாமா."

"இன்ஜின் கெட்டுப்போனாலும் இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய் மேசையில் உட்கார்ந்தார். முள்கரண்டியை எடுத்துத் தன் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த பிறகு கைக்குட்டையில் அழுக்கு இருக்கிறதா என்றும் பார்த்தார்.

பல்லுக்காரன் வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கோடு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தான். மாமனார் கத்தியை வைத்து அழுத்தினார். இழுத்தார். மேசை ஆடியது. மகள் தன் ஆம்லெட்டுத் தட்டைக் கையில் தூக்கிக்கொண்டாள். கடைசியில், வேண்டுமென்றே, இரண்டு வாய் அளவுக்கு ஒரு பெரிய துண்டை அறுத்து எடுத்து, மருமகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே தள்ளினார்.

மென்றார். பல்லுக்காரன் தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். முழு செட் போட்டவர்களுக்குக் கீழ்ச் செட்தான் எப்போதும் காலை வாரும். இப்படிப்பட்ட கறிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். இது அசையவில்லை. இடது பக்கம் நாலு முறை, வலது பக்கம் நாலு முறை. கன்னத்தசை ஏறி இறங்கியது. கறியின் நரம்பு அறுபடும் சத்தம் வெளியே கேட்டது. ஆலையில் அரைபடுவது போல அந்த முரட்டுச் சதை நார் நாராகப் பிரிந்து, நிதானமாகத் தொண்டைக்குள் இறங்கியது. தன் கையால் நட்ட பற்கள் வேலை செய்வதை அவன் இதற்குமுன் பார்த்ததே இல்லை. பின்னறையிலிருந்து வெளியே போனால் அவை யார் வாயிலோ மறைந்துவிடும். அந்த வாய்க்குச் சொந்தக்காரரை மட்டும் மறந்துவிட முடிந்தால் கண்கொள்ளாக் காட்சிதான்.

மாமனார் இன்னொரு துண்டு அறுத்தார். இன்னொன்று. தட்டு காலியாகும் நேரத்தில் மகள்தான் வாயைத் திறந்தாள்.

"என்னப்பா, கடிக்கவே முடியலன்னீங்க. அன்னிக்கு உங்க ஆபீஸ் ஆளுங்க விருந்துல கூட ஸ்டேக் வச்சாங்க, கடிக்க முடியாம சூப்பை மட்டும் குடிச்சிட்டு வந்தேன்னு சொன்னீங்களே?"

"கடிக்க முடியலன்னு சொன்னேனா? கடிக்கலன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அது எப்படி ஒண்ணாகும்? பத்துப் பேர் உட்கார்ந்திருக்கான். எல்லாரும் எனக்குக் கீழ வேலை பாத்தவங்க. கடிச்சு, இது கழண்டு தட்டுல விழுந்துட்டா?" மாமனார் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "அதான் சூப்."

"அப்ப நீங்க கடிச்சுப் பாக்கவே இல்ல" என்றான் பல்லுக்காரன். வயிறு குளிர்ந்தது. வண்டியில் ஏறாமலே ஆளை ஃபெயிலாக்குகிறவர் இவர். முப்பது வருடமும் இப்படித்தான் எத்தனை பேர் வயிற்றில் அடித்தாரோ. "கடிச்சுப் பாக்காமலே என் பல்லு சரியில்லன்னு ஊர் பூரா சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"பல்லை விடுங்க மாப்ள. இந்தக் கறியை யார் வாங்கினது? செருப்புக் கடையில வாங்கினீங்களா?"

"நான்தான் வாங்கினேன். அதை நீங்க மென்னுட்டீங்கல்ல? ஒத்துக்குங்க."

"எதை ஒத்துக்கணும்? மனுஷன் சாப்பிடற கறியா இது? நீங்க முதல்ல சாப்பிடுங்க, பாப்போம்."

அவன் தட்டில் துண்டு அப்படியே ஆறிக் கிடந்தது. அது ஆறினால் இன்னும் இறுகும் என்று கறிக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும், இவனுக்குத் தெரியாது. மாமனார் எடுத்ததைவிடப் பெரியதாக அறுத்து வாயில் போட்டு, வீராப்பாக ஒரே கடி கடித்தான்.

சடக்கென்று ஒரு சத்தம் அவன் காதுக்குள் கேட்டது. கறி அறுபட்ட சத்தம் இல்லை. வலது கடைவாயிலிருந்து வலி கண்வரை ஏறியது. கறியைத் தட்டில் துப்பினான். அதன் நடுவே, அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒன்று மினுங்கியது. அவனுடைய சொந்தப் பல்லின் மூலை.

மாமனார் குனிந்து பார்த்தார். நிதானமாக, ரொம்ப நிதானமாக நிமிர்ந்தார்.

"என்ன மாப்ள, உங்க பல்லு சரியில்லையா?"

மனைவி சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை. எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பது போல நின்றுகொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மாமனார் கையை நீட்டி மருமகன் தட்டில் மிச்சமிருந்த துண்டைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டார். "வீணாப் போகக் கூடாது பாருங்க" என்று சொல்லி அதையும் அறுத்து, அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, முழுவதையும் மென்று தின்றார்.

மறுநாள் காலை பல்லுக்காரன் மருத்துவமனையின் பின்வாசலை விட்டுவிட்டு, முன்வாசல் வழியாகப் போய் நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்தான். கன்னம் வீங்கியிருந்தது, கடைவாயில் பஞ்சு. பக்கத்து நாற்காலியில் மாமனார். யாரும் கூப்பிடவில்லை, மகள் போனில் சொன்னதைக் கேட்டுத் தானாக வந்திருந்தார். வேடிக்கை பார்க்கத்தான் என்பதில் பல்லுக்காரனுக்குச் சந்தேகமே இல்லை.

எதிரே ஓர் அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றுதான் அவருக்குப் பல் செட் மாட்டப்போகிறார்களாம். பேச்சு வாக்கில் மாமனாருடையது செட் என்று தெரிந்ததும் நம்பவே இல்லை.

"நெசமாவா? பாத்தா தெரியவே இல்லையே. எதையாச்சும் கடிக்க முடியுதுங்களா?"

"கடிக்கிறதா? நேத்து செருப்புத் தோலையே தின்னேன்மா. ஒண்ணரைத் துண்டு."

"அவ்வளவு நல்லா வந்திருக்கா! யாருங்க செஞ்சாங்க?"

பல்லுக்காரன் பஞ்சோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். மாமனார் அவனை ஒரு பார்வை பார்த்தார். வீங்கிய கன்னம், கசங்கிய சட்டை, காலில் ஜோடி மாற்றிப் போட்டிருந்த காலுறை எல்லாவற்றையும் பார்த்தார்.

"உள்ள யாரோ ஒரு ஆள் செய்யறான்மா. ஆளைப் பாத்ததில்ல" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. கறி வாங்க மட்டும் மருமகனை அனுப்பாதீங்க."

அந்த அம்மாள் தனக்கு மகன்தான் இருக்கிறான், மருமகன் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் வந்து பல்லுக்காரனை உள்ளே கூப்பிட்டாள்.