நின்றால் கிளம்பாத வண்டி

செவலை கடைசியாக அப்பாவின் மானத்தை வாங்கியது போன சித்திரையில், மல்லூர் இளநீர்க் கடை முன்னால்.

செவலை என்பது எங்கள் கார். அறுபதுகளில் அமெரிக்காவில் செய்தது. எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, ஸ்டியரிங் இடது பக்கம், செவலைக் காளையின் நிறம். ராசிபுரத்தில் நூல் வியாபாரம் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைக் கார் வாங்கிக்கொண்டிருந்தபோது, அப்பா முருகானந்தம் கோயம்புத்தூர் மில்காரர் ஒருவரிடமிருந்து இதை வாங்கி வந்தார். அன்று இளநீர் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டோம். தண்ணீர் ஊற்றினோம். கூட்டம் கூடிவிட்டது.

"ஏனுங்க, ஊரு ஞாபகம் வந்துருச்சாட்ட இருக்குது. அமெரிக்கா போகோணும்னு அடம் புடிக்குது" என்றார் ஒரு லாரி டிரைவர்.

செவலை இழுவை வண்டியில் ஊர் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அப்பா ஒரு சட்டம் போட்டார். செவலையைக் கிளப்பினால் மறுபடி வீட்டு வாசலில்தான் அணைக்க வேண்டும். நடுவில் எமனே கை காட்டினாலும் நிற்கக்கூடாது.

வைகாசியில் அண்ணன் சரவணக்குமாருக்குக் கல்யாணம் முடிவானது. பெண் மோகனப்பிரியா, சேந்தமங்கலம். தாலி கட்டியதும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் செவலையில் அழைத்து வருவது என்றும், தானே ஓட்டுவது என்றும் அப்பா சொல்லிவிட்டார். சேந்தமங்கலத்திலிருந்து ராசிபுரம் வரும் வழியில்தான் பேளுக்குறிச்சி இருக்கிறது. அங்கே சாலையோரம் சௌந்திரம் அத்தையின் மாவு மில்.

அத்தை அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அண்ணனுக்குத் தங்கையாக நான் பிறந்ததும் அம்மா நோயில் விழுந்தபோது, அண்ணனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடம் சேர்க்கும்வரை வளர்த்தது அத்தைதான். பிறகு அத்தை மகள் அமுதவல்லி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். அத்தை அந்தக் கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'பேளுக்குறிச்சி' என்போம். 'பேளுக்குறிச்சிக்கு உடம்பு சரியில்லையாம்' என்பதுபோல.

பத்திரிகை அடித்து வந்த அன்று அப்பாவிடம் கேட்டேன். "மண்டபத்துக்குக் கூப்பிட வேண்டாம். வர்ற வழிதானுங்கப்பா. வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்துனா அத்தை ஆரத்தி எடுத்துக்கும். தூக்கி வளத்தவங்களுக்கு அதாச்சும் வேண்டாங்களா?"

அப்பா கோபப்படவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

"நானென்ன வேண்டாம்னா சொல்றேன் சாமி? இந்தச் செவலை நின்னா கிளம்பாதே. உச்சி வெயில்ல நடுரோட்டுல, புதுப் பொண்ண எறங்கித் தள்ளச் சொல்றயா?"

அப்பா சொன்ன தடையை நான் அப்படியே நம்பினேன். நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பும் என்றால் அப்பா நிறுத்துவார். நிறுத்தினால் அத்தை ஆரத்தி எடுப்பார். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களை அள்ளி வந்து படித்துக்கொண்டிருந்த எனக்குக் கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்த நாவல்களில் வண்டிகள் பனியில் உறைந்து நிற்கும். எங்கள் ஊரில் வெயிலில் கொதித்து நிற்கிறது. எதுவானாலும் வண்டிதானே என்று நினைத்தேன்.

என்னோடு படித்த நதீம் சூரமங்கலத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அண்ணனையே ஓட்டச் சொல்லி செவலையை அங்கே கொண்டுபோனேன். அண்ணன் ஷெட்டுக்குள் வந்ததும் வராததுமாக இன்ஜினை அணைத்தான்.

"அணைச்சுட்டியா? அப்ப இனி இது எங்க சொத்து" என்றான் நதீம். பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஏன் பிரபா, பெட்ரோல் பைப்ப சைலன்ஸர் பைப்போட ஒட்டிக் கொண்டுபோயிருக்கான். உங்கப்பா இதுல பெட்ரோல் ஊத்தறாரா, டீ போடறாரா?"

விஷயம் அதுதான். ஓடுகிறவரை தொல்லை இல்லை; டாங்கிலிருந்து குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். சூட்டோடு நிறுத்தினால், மூடிய பானட்டுக்குள் இன்ஜினின் அனல் ஏறி, குழாயில் நிற்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும். இன்ஜினோடு இருக்கும் பழைய பம்ப் தூரத்து டாங்கிலிருந்து உறிஞ்ச வேண்டியது. ஆவியை எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது. மெக்கானிக்குகள் இதை 'லாக்' என்பார்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலப்பதால் பழைய ரப்பர் குழாய்களும் ஊறிப்போயிருந்தன.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவன் குழாயைச் சூட்டுப் பக்கத்திலிருந்து விலக்கி வண்டியின் அடிச்சட்டத்தின் ஓரமாகக் கொண்டுவந்து, அனல் தாங்கும் உறை போட்டான். நான் ரப்பர்களையெல்லாம் எத்தனால் தாங்குவதாக மாற்றி, கார்பரேட்டருக்கு அடியில் சூடு ஏறாமலிருக்கத் தடித்த அட்டைத் தகடு வைத்தேன். உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளட்டும் என்று டாங்குக்குப் பக்கத்தில் கரண்ட் பம்ப் ஒன்றைப் பொருத்தினோம். மிஞ்சுகிற பெட்ரோல் ஓரிடத்தில் நின்று கொதிக்காமல் டாங்குக்கே திரும்பிப் போக இன்னொரு குழாய்.

"அண்ணன் கல்யாணத்துக்கு இவ்வளவு வேலையா? உன் கல்யாணத்துக்கு ஏரோப்ளேன்தான் போல" என்றான் நதீம்.

"அத்தைக்காக" என்றேன்.

அவன் அடுத்த கிளிப்பை முறுக்கினான்.

ஏற்காடு மலையேறி இறங்கி, கொண்டப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் அணைத்துப் பார்த்தோம். கிளம்பியது. எனக்குப் போதவில்லை. மறுநாள் உச்சி வெயிலில் அண்ணனையும் கூட்டிக்கொண்டு பேளுக்குறிச்சிக்கே போனேன். மில் வாசலில், ஒரு பொட்டு நிழலில்லாத இடத்தில் வண்டியை அணைத்தான்.

அத்தை முந்தானையில் மாவைத் தட்டிக்கொண்டே வந்தார். அண்ணன் கன்னத்தைத் தொட்டதில் வெள்ளையாக அப்பிக்கொண்டது. "எளச்சுப் போயிட்டயே சாமி. புதுமாப்பிள்ளையாட்டவா இருக்கறே?" பிறகு பானட்டில் விரலை வைத்து எடுத்தார். "யம்மா! அப்பளம் பொரிக்கலாமாட்ட இருக்குது."

"இந்தச் சூட்டுலயும் கிளம்புது பாருங்கத்தை" என்றேன்.

பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். அவரும் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். மோர் குடித்து, அமுதவல்லியின் குழந்தை படத்தைப் பார்த்து, அத்தை வறுத்த கடலையைத் தின்று முடித்து, அதன்பிறகுதான் அண்ணன் சாவியைத் திருப்பினான். முதல் சுற்றிலேயே செவலை உறுமியது. அத்தை கைதட்டிச் சிரித்தார்.

"அப்ப கல்யாணத்தன்னிக்கு இங்க நிக்குமா?"

"நிக்குங்கத்தை. நான் பாத்துக்கறேன்."

அண்ணன் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அப்பாவிடம் சொன்னபோது அவரே எடுத்துப் போய் ஓட்டிப் பார்த்தார். நாமக்கல் ரோட்டில் இரண்டு இடத்தில் அணைத்துக் கிளப்பியதாகச் சொன்னார். "பலே! நல்ல வேலை" என்றார். பேளுக்குறிச்சி என்றபோது, "பாக்கலாம்" என்றார்.

கல்யாணத்தன்று பின்சீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும். முன்னால் அப்பாவும் நானும். மாலைகளின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து காருக்குள் நின்றது. காளப்பநாயக்கன்பட்டி தாண்டியதுமே நான் சாலையின் இடது ஓரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அத்தை தூரத்திலேயே தெரிந்தார். மயில்கழுத்துப் பச்சையில் பட்டு. கையில் தட்டு. மில்லுக்கு முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. அதற்காக அப்பா வேகத்தைக் குறைத்தார். நிற்கப்போகிறது என்று நினைத்து அத்தை அவசரமாகக் கற்பூரத்தைப் பற்றவைத்து, சாலையின் விளிம்புக்கே வந்துவிட்டார்.

"நிறுத்துங்கப்பா."

"லாக் ஆயிரும் சாமி."

"ஆகாதுங்கப்பா. உங்களுக்கே தெரியும்."

செவலையின் ஸ்டியரிங் இடது பக்கம். ஆகவே அத்தைக்கு மிக அருகில் இருந்தவர் அப்பாதான். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. கையை நீட்டினால் தட்டைத் தொடலாம். அவர் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்சக்கரம் மேட்டில் ஏறி இறங்கியது.

திரும்பி அண்ணனைப் பார்த்தேன். "அண்ணா, சொல்லுண்ணா."

"போலாம் புள்ள. வெயில்ல லாக் ஆயிருச்சுன்னா அசிங்கம்" என்றான் அவன்.

பின்சக்கரம் இறங்கியதும் அப்பா ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். பக்கக் கண்ணாடியில் அத்தை தட்டைத் தாழ்த்தாமல் அப்படியே நின்றது தெரிந்தது. கற்பூரம் அணைந்திருந்தது.

"யாருங்க அவங்க?" என்று மோகனப்பிரியா மெதுவாகக் கேட்டாள்.

"தெரிஞ்சவங்க" என்றான் அண்ணன்.

எங்கள் வாசலில் பெரியம்மா ஆரத்தி எடுத்தார். பெண் வலது கால் வைத்து உள்ளே போனாள். பால் பழம் கொடுத்து முடித்த பிறகு, வண்டி தெருவுக்குள் நுழைகிற காட்சி சரியாக விழவில்லை என்றும், இன்னொரு முறை வேண்டும் என்றும் போட்டோக்காரர் வந்து நின்றார். அதுவரை செவலை கொளுத்தும் வெயிலில் கிடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மறுபடி ஏறினார்கள். தெருவே பார்த்திருக்க அப்பா சாவியைத் திருப்பினார். சட்டென்று பிடித்துக்கொண்டது.

"மல்லூர்ல நின்னுபோன வண்டியாங்க இது?" என்றார் யாரோ.

"எம்பொண்ணு கைவேலை" என்றார் அப்பா, தலையை வெளியே நீட்டி, முகமெல்லாம் சிரிப்பாக. "இனி எங்க வேணும்னாலும் நிறுத்தலாம்."

பந்தி முடிவதற்குள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பேளுக்குறிச்சிக்குப் போனேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை பட்டை மாற்றிவிட்டுப் பழைய சேலையில் யாருக்கோ கம்பு அரைத்துக்கொண்டிருந்தார். கழுவிய தட்டு சுவரோரம் கவிழ்த்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினார்.

"சாப்பிட்டயா கண்ணு?"

"அத்தை, நான்..."

"பொண்ணு நல்ல நெறம். ஜன்னல்ல பாத்தேன்." மாவுப் பையின் வாயைக் கட்டினார். முடிச்சு சரியாக விழாமல் மறுபடி அவிழ்த்தார். "முந்தியெல்லாம் அது நின்னா கிளம்பாதுன்னு ஊருக்கே தெரியும். நான் அதச் சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன். தம்பி பாவம், வண்டி அப்படின்னு. நீ அதச் சரி பண்ணாமயே உட்டிருக்கலாம் சாமி."

நான் பையின் வாயைச் சேர்த்துப் பிடித்தேன். அத்தை முடிச்சுப் போட்டார்.

"ஜானகியம்மா கேட்டாங்க, ஏன் நிக்காம போயிட்டாங்கன்னு. வெயிலுக்கு லாக் ஆயிருமுங்கன்னு சொன்னேன். சரீங்கன்னாங்க." அத்தை ஸ்விட்சில் கை வைத்தார். "அன்னிக்கு மோர் குடுத்துட்டு, கிளம்பற வரைக்கும் நின்னு பாத்தவங்க அவங்க."

மில் மறுபடி ஓடத் தொடங்கியது.